வங்கக் கரையில் ஒரு பட்டணம் – 14: கோட்டைக் கொடிமரம்

சென்ற பகுதியைச் சாந்தோமில் நிறுத்தியிருந்தோம். போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1662இல் கோல்கொண்டா சுல்தானின் படை அந்த ஊரைப் பிடித்தது. 1672இல் கடல்வழியாக வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பறித்தார்கள். டச்சுக்காரரும் கோல்கொண்டாவும் சேர்ந்து நெருக்கியதில் இரண்டே ஆண்டில் விட்டுவிட்டும் போனார்கள். இத்தனையையும் மூன்று மைல் வடக்கே, மணல்திட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது இன்னொரு கோட்டை. இந்த வாரம் அந்தக் கோட்டையின் கொடிமரத்துக்கு வருவோம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பென்சகோலா என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. ‘ஐந்து கொடிகளின் நகரம்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. ஸ்பெயின், பிரான்ஸ், பிரிட்டன், உள்நாட்டுப் போரின்போது தெற்கு மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பு, கடைசியாக அமெரிக்கா. இதற்கென்று வருடாவருடம் ஒரு திருவிழாவே எடுக்கிறார்கள். நாம் அப்படியெல்லாம் எடுப்பதில்லை. எடுக்கலாம் என்றால் சென்னைக்கும் கணக்கு குறைவில்லை. ஆனால் நம் கோட்டைக் கம்பத்தில் கொடி மாறிய சந்தர்ப்பங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். குண்டு போட்டுக் கொடி மாறியது ஒரே ஒரு தடவைதான். அந்தத் தடவையும் பேரத்தில்தான் போய் முடிந்தது. மற்றதெல்லாம் எங்கோ யாரோ போட்ட கையெழுத்து.

முதல் கொடியே அப்படி வந்ததுதான். 1639 ஆகஸ்ட் 22 தேதியிட்ட சாசனத்தைத் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் கொடுத்தார், கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே வாங்கிக்கொண்டார். இன்று நாம் ‘சென்னை தினம்’ கொண்டாடுகிற தேதி அது. மறுவருடம் ஏப்ரல் 23, இங்கிலாந்தின் காவல் புனிதர் ஜார்ஜின் திருநாள். அன்றைக்குக் கோட்டையின் ஒரு பகுதி எழும்பியிருந்ததால் அவர் பெயரையே வைத்தார்கள். கொடியும் அவருடையதே: வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை.

கொடி இங்கிலாந்துடையது, மண் இங்கிலாந்துடையது அல்ல. நாயக்கருக்கு மேலே விஜயநகர அரசர் இருந்தார். 1645இல் ஸ்ரீரங்கராயரிடம் மறுபடியும் ஒரு சாசனம் வாங்கவேண்டியிருந்தது. அப்புறம் கோல்கொண்டா வந்தது. 1672இல் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி வருஷத்துக்கு 1,200 வராகன் வாடகை. கோல்கொண்டாவை ஔரங்கசீப் 1687இல் விழுங்கியபின் அந்தப் பணம் முகலாயர் பக்கம் போனது, பிறகு ஆற்காட்டு நவாபுக்கு. 1752இல் நவாப் முகமது அலி தள்ளுபடி செய்யும்வரை இந்தக் கணக்கு நடந்தது. ஆக, நூறு வருஷத்துக்கு மேல் கோட்டைக்குள் இருந்தவர்கள் வாடகைக் குடித்தனக்காரர்கள். நடுவில் 1702இல் முகலாயத் தளபதி தாவூத் கான் மூன்று மாதம் கோட்டையைச் சுற்றி வளைத்து உட்கார்ந்தார். 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு எழுந்து போனார். கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது கொடி எலிஹு யேல் கவர்னராக இருந்தபோது ஏறியது. அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர் இவர். 1687இல் பதவிக்கு வந்தார். அதே சமயத்தில் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் இரண்டு காரியம் செய்தார். சென்னைக்கு ஒரு மாநகராட்சி அமைக்கப் பட்டயம் கொடுத்தார், கோட்டையில் அரசருடைய யூனியன் கொடியைப் பறக்கவிட அனுமதியும் கொடுத்தார். 1688 செப்டம்பர் 29 அன்று மாநகராட்சி கூடியது. புனித ஜார்ஜின் சிலுவை இறங்கி, ஸ்காட்லாந்தின் குறுக்குச் சிலுவையும் சேர்ந்த யூனியன் கொடி ஏறியது. ஏறத்தாழ 150 அடி உயரத் தேக்குக் கொடிமரமும் யேல் காலத்தில் நட்டதே. கரையில் உடைந்துபோன ‘லாயல் அட்வென்ச்சர்’ என்ற கப்பலின் பாய்மரம் அது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி.

அவ்வளவு உயரம் ஜம்பத்துக்காக மட்டும் அல்ல. சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் வெகுதூரம் தள்ளி நங்கூரம் போடும். அங்கிருந்து ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் கரைக்கு வரவேண்டும். கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். தலையிலிருக்கும் கூம்புத் தொப்பிக்குள் காகிதத்தைச் செருகிக்கொண்டு அலைக்குள் பாய்வார்கள். சமதரையான இந்தக் கரையில், தொலைவிலிருந்து வருகிற மாலுமிக்கு அடையாளம் காட்ட உயரமான கம்பம் தேவைப்பட்டது. பின்னாளில் அலை மோசமாக இருக்கும் நாட்களில் படகு தள்ளக்கூடாது என்று எச்சரிக்கக் கடற்கரையில் தனியே ஒரு கொடி ஏற்றினார்கள். கவர்னருடைய கொடியைவிட நம் செம்படவர்கள் அதைத்தான் கவனித்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

கப்பல் என்றதும் கம்பெனியின் சொந்தக் கொடியையும் சொல்லிவிட வேண்டும். அது சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டது, மூலையில் சிலுவை. கோடுகளின் எண்ணிக்கை ஒரே சீராக இருந்ததில்லை. பதின்மூன்று கோடு இருப்பதும் உண்டு. 1707க்குப் பின் மூலைச் சிலுவை மாறி யூனியன் கொடி வந்தது. அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தை எதிர்க்கத் தொடங்கியபோது முதலில் பிடித்த கொடியிலும் பதின்மூன்று சிவப்பு வெள்ளைக் கோடுகள், மூலையில் யூனியன். சென்னைக் கடலில் மிதந்த கம்பெனிக் கொடியைப் பார்த்துத்தான் வாஷிங்டன் காலத்துக் கொடியை வரைந்தார்கள் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். உருவம் ஒத்துப்போகிறது, ஆவணச் சான்று கிடையாது. பாஸ்டன் துறைமுகத்தில் 1773இல் கடலில் கொட்டப்பட்ட தேயிலை இதே கம்பெனியுடையது. அந்தக் கம்பெனியின் கொடியையா ஆசையாக எடுத்து வைத்துக்கொள்வார்கள்? எனக்கு நம்பிக்கை இல்லை.

இனி, குண்டு போட்ட கதை.

1746 செப்டம்பர். ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சண்டை. லா போர்தொனே பிரெஞ்சுக் கப்பல்களோடு வந்து கோட்டையை முற்றுகையிட்டார். கவர்னர் நிக்கோலஸ் மோர்ஸ் சில நாளிலேயே பணிந்துவிட்டார். என்றைக்குப் பணிந்தார் என்பதில் இரண்டு தேதி காண்பீர்கள். ஆங்கிலேயர் ஏடு செப்டம்பர் 10 என்கிறது, பிரெஞ்சு ஏடு 21 என்கிறது. இரண்டும் ஒரே நாள்தான். இங்கிலாந்து அப்போது பழைய பஞ்சாங்கத்தை விடவில்லை, பதினொரு நாள் பின்தங்கியிருந்தது.

கோட்டைக் கம்பத்தில் யூனியன் கொடி இறங்கிப் பிரெஞ்சுக் கொடி ஏறியது. பிரெஞ்சு மூவர்ணம் என்று நினைத்துவிடாதீர்கள். அது பிறக்க இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. பூர்போன் மன்னர்களின் கடற்கொடி வெள்ளை. நாம் சமாதானத்துக்கும் சரணாகதிக்கும் காட்டுகிற நிறம், அன்றைக்குச் சென்னையை ஜெயித்தவனின் நிறம்.

ஜெயித்தவர்களுக்குள் உடனே தகராறு. பதினொரு லட்சம் வராகன் பிணைப்பணம் வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக லா போர்தொனே ஆங்கிலேயரிடம் ஒப்புக்கொண்டார். பாண்டிச்சேரி கவர்னர் டூப்ளேவோ, சென்னையைப் பிடித்ததும் உங்களிடமே தந்துவிடுகிறேன் என்று ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கானிடம் சொல்லி வைத்திருந்தார். ஒரே ஊர் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அக்டோபரில் அடித்த புயல் லா போர்தொனேயின் கப்பல்களை நாசமாக்கியது. அவர் போனார். டூப்ளே பிணைப்பண ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டார், நவாபுக்கும் ஊரைத் தரவில்லை. கம்பெனியில் எழுத்தராக இருந்த இருபத்தோரு வயது ராபர்ட் கிளைவ் வேஷம் மாற்றிக்கொண்டு கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்குத் தப்பியது இந்தக் குழப்பத்தில்தான். டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை இவற்றையெல்லாம் பாண்டிச்சேரியில் இருந்தபடி தமிழில் எழுதிவைத்தார். அவரே பெரம்பூரில் பிறந்த சென்னைக்காரர்.

ஏமாந்த நவாப் தன் மகன் மாபூஸ் கானைப் பெரும்படையோடு அனுப்பினார். கோட்டையில் காரியம் ஆகாமல் மாபூஸ் கான் தெற்கே நகர்ந்து, சாந்தோமை ஒட்டி அடையாற்றின் வடகரையில் படையை நிறுத்தினார். பாண்டிச்சேரியிலிருந்து உதவிக்கு வந்துகொண்டிருந்த பாரடிஸ் என்ற சுவிட்சர்லாந்துக்காரரை வழிமறிப்பது அவர் எண்ணம். நவாபின் ஆட்கள் பத்தாயிரம் பேர். பாரடிஸிடம் ஐரோப்பியர் சில நூறு, சிப்பாய்கள் எழுநூறு, அவ்வளவே. அக்டோபர் 24 (புதிய கணக்கில் நவம்பர் 4) அன்று பாரடிஸின் ஆட்கள் ஆற்றில் இறங்கி நடந்தே கரையேறினார்கள். வரிசையாக நின்று சுட்டார்கள், துப்பாக்கி முனைக் கத்தியை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். நவாபின் படை சிதறிச் சாந்தோம் தெருக்களுக்குள் ஓடியது. பழகிய சிறுபடைக்கு முன்னால் பெரும்படை நிற்காது என்பதை ஐரோப்பியர் கண்டுகொண்டது இந்த ஒரு நாளில். கிளைவ் பின்னர் ஆற்காட்டில் காட்டிய துணிச்சலுக்கு வேர் இங்கே இருக்கிறது.

தரமணியில் பறக்கும் ரயில் ஏறுகிறவர்கள் இந்தப் போர்க்களத்தை அன்றாடம் கடந்துபோகிறார்கள். கோட்டூர்புரம் தாண்டி ரயில் அடையாற்றின் மேல் போகும்போது வலப்பக்கம் கிழக்கே பாருங்கள். ஆறு கடலைத் தேடி அகலும் அந்தப் பக்கம்தான் கிவிபிள் தீவு. இன்று அங்கே கல்லறைத் தோட்டம் இருக்கிறது. போர் நடந்ததைச் சொல்லும் ஒரு நல்ல அறிவிப்புப் பலகையை மாநகராட்சி வைத்தால் புண்ணியமாகப் போகும்.

வெள்ளைக்கொடி கோட்டையில் மூன்று வருஷம் பறந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை மதிலை ஒட்டி, உள்ளூர் மக்கள் குடியிருந்த கறுப்பர் பட்டணத்து வீடுகளை இடித்தார்கள். மெருகேற்றிய கருங்கல் தூண்களைப் பெயர்த்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். 1761இல் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தபோது அந்தத் தூண்கள் திரும்பி வந்தன. இன்றும் தலைமைச் செயலகக் கட்டடத்தில் நிற்கின்றன.

கொடி எப்படித் திரும்பியது? சண்டையில் அல்ல. 1748 அக்டோபரில் ஜெர்மனியின் ஆகென் நகரத்தில் ஐரோப்பிய மன்னர்களின் தூதர்கள் கூடி உடன்படிக்கை எழுதினார்கள். வட அமெரிக்காவில் லூயிஸ்பர்க் என்ற பிரெஞ்சுக் கோட்டையை 1745இல் அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். அதைப் பிரான்சுக்குக் கொடு, சென்னையை இங்கிலாந்துக்கு வாங்கிக்கொள் என்று முடிவாயிற்று. ரத்தம் சிந்திப் பிடித்த கோட்டையை எங்கோ இருக்கிற சென்னைக்காகத் தாரை வார்த்துவிட்டார்களே என்று பாஸ்டன் பக்கம் கடும் மனத்தாங்கல். பிற்காலத்தில் வெடித்த கசப்பில் அதற்கும் பங்குண்டு. இந்தப் பக்கம் பெத்துநாயக்கன்பேட்டைக்காரரையோ முத்தியால்பேட்டைக்காரரையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1749 ஆகஸ்டில் (புதிய கணக்கில் செப்டம்பர் முதல் நாள்) அட்மிரல் பாஸ்கவன் கோட்டையை வாங்கிக்கொண்டார். அதே வருடம் சாந்தோமையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

அப்புறம் ஒரு முறை பிரெஞ்சுக்காரர்கள் முயன்றார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார். இரண்டு மாதத்துக்கு மேல் முற்றுகை, கறுப்பர் பட்டணம் சூறை. கவர்னர் ஜார்ஜ் பிகாட் கொடியை இறக்கவில்லை. 1759 பிப்ரவரி 16 அன்று அடிவானத்தில் ஆங்கிலக் கப்பல்கள் தெரிந்தன, மறுநாள் லாலி மூட்டை கட்டினார். பாதிக்கப்பட்டது ஊர்தான். எதிரி ஒளிந்துகொள்ள இடம் இருக்கக்கூடாது என்று, கோட்டைக்கு வடக்கே இருந்த பழைய கறுப்பர் பட்டணத்தை ஆங்கிலேயரே துடைத்து வெட்டவெளியாக்கினார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயில் போனது, வேறிடத்தில் கட்டப்பட்டது. வெட்டவெளியின் எல்லையாக 1773இல் நட்ட கற்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் வாசலோரம் இன்னும் நிற்கிறது. கோயில் இருந்த பக்கம் உயர்நீதிமன்றம் வந்தது.

அடுத்த நூற்றைம்பது வருஷத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1801இல் அயர்லாந்தின் சிவப்புக் குறுக்குச் சிலுவை சேர்ந்து, இன்று நாம் பார்க்கிற யூனியன் ஜாக் ஆனது. 1858 நவம்பர் முதல் தேதி விக்டோரியாவின் பிரகடனம் வாசிக்கப்பட்டது. கம்பெனி ஆட்சியோடு, கோடு போட்ட அதன் கொடியும் ஒழிந்தது. கோட்டைக் கம்பத்தில் வித்தியாசம் தெரிந்திருக்காது.

கோட்டைக்கு வெளியேதான் விஷயம் சூடு பிடித்தது. 1916இல் அன்னி பெசன்ட் அடையாறில் சுயராஜ்ய இயக்கமான ஹோம்ரூல் லீகைத் தொடங்கினார். அதன் கொடியில் ஐந்து சிவப்பு, நான்கு பச்சைக் கோடுகள், ஏழு நட்சத்திரங்கள், ஒரு பிறை, மூலையில் சின்னதாக யூனியன் ஜாக். கேட்டது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் சுயாட்சிதான் என்பதால் அந்த மூலைக்கு இடம் விட்டிருந்தார்கள். 1917இல் பெசன்ட்டை ஊட்டியில் காவலில் வைத்தபோது அங்கே தோட்டத்தில் அதை ஏற்றினார். 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் உயர்நீதிமன்றக் கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் மே தினக் கூட்டம் நடத்திச் செங்கொடி ஏற்றினார். இந்தியாவில் மே தினம் கொண்டாடியது அதுவே முதல் தடவை. கொடிக்குத் துணி அகப்படாமல் மகளின் சிவப்புச் சேலையைக் கிழித்தார் என்பார்கள்.

ஆனாலும் கோட்டைக் கம்பம் ஆங்கிலேயர் கையில்தான் இருந்தது, 1932 ஜனவரி வரை.

அந்த மாதத் தொடக்கத்திலேயே காந்தியைக் கைது செய்திருந்தார்கள், காங்கிரஸ் தடை செய்யப்பட்டிருந்தது. திருப்பூரில் ஊர்வலத்தில் போன குமரன், போலீஸ் அடியில் மண்டை உடைந்தும் கொடியை விடாமல் விழுந்து ஜனவரி 11 அன்று இறந்தார். ஜனவரி 26 நெருங்கியது. 1930 முதல் காங்கிரஸ் சுதந்திர தினமாக அனுசரித்த நாள் அது. மன்னார்குடிப் பக்கத்துச் சேரங்குளத்துக்காரர் பாஷ்யம், ‘ஆர்யா’ என்று அறியப்பட்டவர், ஒரு வேட்டியை எடுத்து மூவர்ணம் தோய்த்தார். இன்றிலிருந்து இந்தியா சுதந்திர நாடு என்ற கருத்தில் அதில் எழுதினார். இரவில் கோட்டைக்குள் நுழைந்தார். பட்டாளம் குடியிருந்த கோட்டை அது, கண்ணில் பட்டால் கேள்வி கேட்காமல் சுடுவார்கள். அந்த நெடிய கம்பத்தில் ஏறி, வேட்டிக் கொடியைக் கட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டார். விடிந்ததும் ஊர் பார்த்தது. அதிகாரிகள் அவசர அவசரமாக இறக்கினார்கள்.

சில மணி நேரம்தான் பறந்தது. ஆனால் 1640இலிருந்து அன்றுவரை அந்தக் கம்பத்தில் ஏறிய துணிகளிலேயே, சாசனமோ பட்டயமோ உடன்படிக்கையோ இல்லாமல், இந்த மண்ணின் ஆள் ஒருவன் தன் கையாலேயே ஏற்றியது அது ஒன்றுதான். பென்சகோலாக்காரர்கள் பாணியில் கணக்கெடுத்தால் அந்த வேட்டிக்கு முதல் வரிசையில் இடம் தரவேண்டும். ஆர்யா ஓவியராகவும் சிற்பியாகவும் வாழ்ந்து 1999இல் மறைந்தார். முண்டாசும் முறுக்கு மீசையுமாக நம் வீடுகளில் தொங்கும் பாரதி படத்தை வரைந்தவர் அவர்தான் என்பது பலருக்குத் தெரியும். கொடி ஏற்றியவர் என்பது சிலருக்கே தெரியும்.

1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில் கோட்டையில் அசோகச் சக்கரம் பொறித்த மூவர்ணக்கொடி ஏறியது. பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலம், பட்டுத் துணி. பிரதமர், அதாவது இன்றைய முதலமைச்சர், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். கவர்னர் சர் ஆர்ச்சிபால்ட் நை. கொடி இறங்கினாலும் கவர்னர் இறங்கவில்லை, 1948 செப்டம்பர் வரை பதவியில் நீடித்தார்.

அதன்பின் சண்டை, யார் ஏற்றுவது என்பதில். சுதந்திர தினத்திலும் கவர்னர்கள்தான் மாநிலங்களில் கொடி ஏற்றிவந்தார்கள். முதலமைச்சர்களுக்கு அந்த உரிமை வேண்டும் என்று மு. கருணாநிதி இந்திரா காந்தியிடம் கேட்டுப் பெற்றார். 1974 ஆகஸ்ட் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு நான்கு வருடம் முன்பு அவர் தமிழ்நாட்டுக்கென்று கோபுரம் போட்ட ஒரு தனிக்கொடி மாதிரியையும் வெளியிட்டார். அது கம்பம் ஏறவில்லை. யேல் காலத்துத் தேக்கு வரிசையும் 1994இல் முடிந்தது. இப்போது நிற்பது எஃகுக் கம்பம்.

1947இல் ஏறிய அந்தப் பட்டுக்கொடி கோட்டை அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தொல்லியல் துறை 2013 குடியரசு தினத்தன்று பார்வைக்கு வைத்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் 1932 அல்லது 1947ஆம் வருடத்துப் பத்திரிகையோ, துண்டுப் பிரசுரமோ, கொடியேற்றப் புகைப்படமோ கிடந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஒருமுறை அங்கே காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

(தொடரும்)